உப்பில் நின்ற கீரை

கொல்கத்தாவின் கிழக்குப் புறத்தில் உள்ள டாங்ராவில், குளிர்காலத்தின் நடுவே, பழைய தோல் பதனிடும் கூடம் ஒன்றின் மொட்டை மாடியில் கடுகுக் கீரை தலைகீழாகத் தொங்குகிறது. துணி உலர்த்தும் கொடியில் வேர் நீக்கிய முழுச் செடிகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி மாட்டப்பட்டிருக்கின்றன. கட்டடத்தின் கீழ்த்தளம் ஓர் உணவகத்துக்கு வாடகைக்கு விடப்பட்டுள்ளது. அதன் வாசலில் சிவப்பு விளக்குகள். மாலையானால் கார்களின் வரிசை. மேல்தளத்தில் தனியே வாழும் மூதாட்டிக்கு எழுபது வயது கடந்துவிட்டது. முழங்கால் வலியால் அவர் படியேறுவது அரிது. கீரைப் பருவத்தில் மட்டும் நாள்தோறும் ஏறுகிறார்.

ஒரு நாள் வெயிலில் வாடிய கீரையை உப்பிட்டுக் கசக்கி, சாடியில் காற்றுப் புகாதபடி அழுத்தி அடைத்து, இரண்டு மூன்று வாரம் புளிக்கவிட்டு, பிறகு மீண்டும் வெயிலில் கருக உலர்த்தினால் கிடைப்பதற்கு ஹக்கா மொழியில் மொய்-சோய் என்று பெயர். கருப்பட்டியும் பழைய புளியும் கலந்தாற்போன்ற மணம் அதற்கு. ஆண்டுக்கணக்கில் கெடாது. மூதாட்டி அதை எப்போதும் இரண்டு பொதிகளாகவே கட்டுவார். இரண்டும் ஒரே அளவு. ஒன்று அடுக்களை அலமாரிக்குப் போகும். மற்றொன்று கட்டிலுக்கு அடியில் உள்ள தகரப் பெட்டிக்கு. ஏன் இரண்டு என்று அவருடைய மகளுக்குத் தெரியாது. டொரன்டோவுக்குக் குடிபெயர்ந்து முப்பது ஆண்டுகள் ஆன அம்மகள், இரண்டாவது பொதி முன்னோர் படையலுக்கானது என்றே நினைத்திருந்தார்.

இந்த ஆண்டு கீரைப் பருவத்தில் அம்மகளின் மகள் டொரன்டோவிலிருந்து வந்தாள். இருபத்து மூன்று வயது. பாட்டியிடம் மொய்-சோய் செய்யக் கற்றுக்கொள்வதே வந்த காரணம். கைப்பையில் ஒரு சிறிய மின்தராசும், குறிப்பேடும், பதிவு செய்ய ஓர் அலைபேசியும் இருந்தன. அவளிடம் இல்லாதது மொழி. தாய்வழிப் பாட்டியை அழைக்கும் சியா-போ என்ற உறவுச்சொல்லும், ‘ஸிட் பாவ் மாங்?’ என்ற ஒரு வாக்கியமும், பத்துவரை எண்களும் அவளுக்குத் தெரிந்த ஹக்கா. பாட்டிக்கு ஹக்காவும் வங்காளமும் இந்தியும் தெரியும். ஆங்கிலம் கடைவீதி அளவுக்கு மட்டும். இருவருக்கும் இடையில் பெரும்பாலும் கைகளே பேசின.

‘ஸிட் பாவ் மாங்?’ என்பதன் பொருள் ‘வயிறு நிறைய உண்டாயா?’ என்பதாகும். நலம் விசாரிக்க ஹக்கா மக்கள் கேட்பது இதைத்தான். ‘சாப்பிட்டாச்சா?’ என்ற கேள்வி உணவைப் பற்றியது மட்டுமன்று என்பது தமிழருக்கு விளக்கத் தேவையில்லாதது. பசியை நெடுங்காலம் அறிந்த சமூகங்களின் வாழ்த்து அப்படித்தான் அமைகிறது.

ஹக்கா என்ற பெயரிலேயே இடப்பெயர்வு இருக்கிறது. ஹக் என்றால் விருந்தினர்; கா என்றால் குடி. வட சீனத்திலிருந்து பல நூற்றாண்டுகளில் அலையலையாகத் தெற்கே நகர்ந்து, பிறர் முன்னமே நிலைகொண்டிருந்த நிலங்களின் மலைச்சரிவுகளில் தங்கியவர்களுக்கு அண்டையார் இட்ட பெயர் அது. பின்னர் அவர்களே ஏற்றுக்கொண்டனர். மாண்டரினில் இதே சொல் ‘கெ-ஜியா’ என்று ஒலிக்கும். இடைக்காலச் சீனத்தில் சொல்லிறுதியில் நின்ற ப், ட், க் ஆகிய வல்லின மெய்களை மாண்டரின் இழந்துவிட்டது, ஹக்கா காத்துக்கொண்டது. மாண்டரினில் பத்து ‘ஷி’, ஹக்காவில் ‘ஸிப்’. மாண்டரினில் மூன்று ‘ஸான்’, ஹக்காவில் ‘ஸாம்’. மதுரையிலோ திருச்சியிலோ ஒரு தள்ளுவண்டியின் பலகையில் ‘ஹக்கா நூடுல்ஸ்’ என்று எழுதும்போது, அந்த இரட்டைக் ககரத்தில் மாண்டரின் கைவிட்ட ஒரு மெய்யெழுத்து நிற்கிறது. எழுதுபவருக்கும் உண்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கொல்கத்தாச் சீனர் தம் வரலாற்றை ஒரு கல்லறையிலிருந்து தொடங்குவர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டோங் அச்சூ என்பவர் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்று, பஜ்பஜ் அருகே ஊக்ளி ஆற்றங்கரையில் கரும்பு பயிரிட்டு, சர்க்கரை ஆலை அமைத்தார். அவர் பெயரால் அவ்விடம் அச்சிப்பூர் ஆயிற்று. குதிரை லாட வடிவில் செந்நிறம் பூசிய அவருடைய கல்லறைக்குச் சீனப் புத்தாண்டை ஒட்டி இன்றும் குடும்பங்கள் சென்று ஊதுவத்தி ஏற்றுகின்றன. வங்காளத்தில் சர்க்கரைக்குச் ‘சினி’ என்ற பெயர் வந்தது அச்சூவால்தான் என்று சொல்வாரும் உண்டு. மொழி வரலாறு அதை ஏற்பதில்லை. அவர் வருவதற்கு முன்பே அச்சொல் இந்திய மொழிகளில் வழங்கியது. ஆனால் தென் தமிழ் மாவட்டங்களிலும் இலங்கையிலும் ‘சீனி’ என்று சொல்லும் நாவு, தன்னை அறியாமலே ஒரு தேசத்தின் பெயரை நாள்தோறும் தேநீரில் கரைத்துக்கொண்டிருக்கிறது.

அச்சூவுக்குப் பின் வந்தவர்கள் ஊருக்கு ஒரு தொழிலாகப் பிரிந்து நின்றனர். காண்டோனியர் தச்சர், ஹூபே மாநிலத்தார் பல் மருத்துவர், ஷான்டோங் மாநிலத்தார் பட்டு வணிகர், மெய்சியான் பகுதியிலிருந்து வந்த ஹக்காக்கள் காலணி செய்பவர்களாகவும் தோல் பதனிடுபவர்களாகவும் ஆயினர். பழைய சீனர் குடியிருப்பு நகரின் நடுவே டிரெட்டா பஜாரைச் சுற்றி அமைந்தது. ஹக்காக்களின் தோல் கூடங்கள் கிழக்கே சதுப்பு நிலத்தை ஒட்டிய டாங்ராவில் எழுந்தன. தோலைத் தொடுவதை இழிவென ஒதுக்கிய சாதி ஒழுங்குதான் இந்த வாசலை அவர்களுக்குத் திறந்துவிட்டது. மானிடவியலாளர் எலன் ஆக்ஸ்ஃபெல்டு 1993இல் வெளியிட்ட நூல் இக்குடும்பங்களின் உழைப்பையும் கணக்கையும் விரிவாகப் பேசுகிறது. 1996இல் உச்ச நீதிமன்றம் மாசு காரணமாகத் தோல் கூடங்களை நகருக்கு வெளியே பந்தலாவுக்கு மாற்ற ஆணையிட்டது. சிலர் மாறினர், பலர் கூடங்களை உணவகங்களாக்கினர், மேலும் பலர் கனடாவுக்கு விமானம் ஏறினர்.

மூதாட்டி டாங்ராவில் பிறந்தவரல்லர். அவருடைய பிறப்பிடம் அஸ்ஸாமில் உள்ள மாகும். 1830களில் தேயிலைத் தோட்டங்களுக்காக ஆங்கிலேயர் கொண்டுவந்த சீனத் தொழிலாளரும், பின்னர் தாமாக வந்த தச்சரும் கடைக்காரரும் அப்பகுதியில் வேர்விட்டிருந்தனர். அவருடைய தந்தைக்கு ஒரு சிறு தச்சுப்பட்டறை இருந்தது. இவ்வளவும் பேத்திக்கு முன்பே தெரியும். மாகுமிலிருந்து டாங்ராவுக்கு ஏன் வந்தார்கள் என்பது தெரியாது. கேட்டபோதெல்லாம் ‘பிழைப்புக்காக’ என்ற ஒரே விடை கிடைத்தது.

கீரைக்கு உப்பிடும் நாளில் பேத்தி தராசை எடுத்து வைத்தாள். பாட்டி அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு ஓரமாக நகர்த்தினார். கைநிறைய உப்பை அள்ளி, விரல்களுக்கு இடையில் சிறிது நழுவவிட்டு, எஞ்சியதைக் கீரையில் தேய்த்தார்.

“எவ்வளவு, சியா-போ?”

“கீரை கேட்கும் அளவு.”

பேத்தி விடவில்லை. பாட்டி காணாதபோது உப்புப் பையை எடையிட்டாள். ஒவ்வொரு கட்டுக் கீரைக்குப் பின்னும் மீண்டும் எடையிட்டாள். நான்கு கட்டுகளுக்கும் செலவான உப்பு ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தது. அந்தக் கை எங்கோ, எப்போதோ, மிகக் கண்டிப்பான ஒரு பள்ளியில் பயின்றிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தெரிந்த சொற்களையெல்லாம் திரட்டிக் கேட்டாள்.

“இதை எங்கே கற்றீர்கள்? மாகுமிலா?”

“இல்லை. தேவ்லியில்.”

அலைபேசியில் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அன்றிரவு டொரன்டோவில் அதைக் கேட்ட மகள், அந்தச் சொல்லைத் தாயின் வாயிலிருந்து கேட்பது வாழ்வில் அதுவே முதல் முறை என்றார்.

1962 அக்டோபரில் இந்திய, சீனப் போர் தொடங்கியது. போர் ஒரு மாதத்தில் ஓய்ந்தது. ஆனால் நவம்பரில் அஸ்ஸாம், மேகாலயா மலைகள், வட வங்காளம் ஆகிய பகுதிகளில் வாழ்ந்த சீன வம்சாவளியினரின் கதவுகள் தட்டப்பட்டன. இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் குழந்தைகள் முதல் முதியோர் வரை ஏறத்தாழ 3,000 பேர் எவ்வித விசாரணையும் இன்றி ராஜஸ்தானின் தேவ்லியில் இருந்த முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கைதிகளை வைத்திருந்த இடம் அது. இந்தியாவிலேயே பிறந்தவர்கள், சீன எழுத்தறியாதவர்கள், அஸ்ஸாமியத் தாய்க்குப் பிறந்தவர்கள் என எவருக்கும் விலக்கு இல்லை. முகம் போதுமான சான்றாக இருந்தது. சிலர் சில மாதங்களிலும் சிலர் ஐந்தாண்டு வரையிலும் கழித்து விடுவிக்கப்பட்டனர். முதியோர் சிலர் அங்கேயே மடிந்தனர். திரும்பி வந்தவர்களில் பலருக்கு வீடும் கடையும் எஞ்சியிருக்கவில்லை, ஏலத்தில் போயிருந்தன. ரீத்தா சௌத்ரியின் ‘மாகாம்’ என்ற அஸ்ஸாமிய நாவல் 2010இல் வெளிவரும்வரை அஸ்ஸாமிலேயே பலர் இதை அறிந்திருக்கவில்லை.

மூதாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. அவர் சொன்னவை சில மட்டுமே. பல நாள் ஓடிய ரயில். கனவில் வருவது அதன் சத்தமன்று, நிலையங்களில் அது நிற்காமல் கடந்த விதம். முகாமின் பொது அடுக்களையில் வெந்தும் வேகாததுமான சோறு. பின்னர் அரிசியும் பருப்பும் காயும் படியளந்து, குடும்பங்கள் தாமே சமைத்துக்கொள்ள அனுமதித்தது. அந்தக் குளிர்காலத்தின் இறுதியில் காய்கறி மூட்டையில் ஒரு நாள் கடுகுக் கீரை வந்து இறங்கியது.

கடுகு தமிழருக்குத் தாளிப்பில் முடிந்துவிடும் பொருள். வங்காளத்தில் அதை அரைத்து மீனில் இடுவர், எண்ணெயாக்குவர். பஞ்சாபிலும் ராஜஸ்தானிலும் கீரையை மசித்து ரொட்டியோடு உண்பர். ஹக்காக்கள் உப்பிட்டுக் காக்கும் கீரையும் இதே கடுகு இனந்தான். ஓர் அயலான பாலை விளிம்பில், முள்வேலிக்குள், அவருடைய தாய் அடையாளம் கண்டுகொண்ட முதல் பொருள் அந்தக் கீரையே. உப்பும் படியளந்தே கிடைத்தது. ஒரு கைப்பிடி கூடினால் அந்த வாரக் குழம்பில் உப்பிராது; ஒரு கைப்பிடி குறைந்தால் கீரை அழுகிவிடும். மண்பானையில் கீரையை அடைத்த தாய், ஒன்பது வயதுச் சிறுமியின் கையில் உப்பை வைத்து விரல்களை மூடிக் காட்டினார். “இவ்வளவு. இதற்கு மேல் ஒரு கல்லும் கூடாது.” பேத்தியின் தராசு அறுபது ஆண்டுகள் கழித்துக் கண்டது அந்த அளவைத்தான்.

இரண்டு பொதிகளின் காரணமும் அங்கேதான் இருந்தது. 1963இல், சீனா செல்ல விரும்பும் கைதிகளை ஏற்றிச் செல்லச் சீன அரசு கப்பல்களை அனுப்பியது. தேவ்லியிலிருந்து ரயிலில் கொண்டுவரப்பட்டவர்கள் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினர். கண்ணால் கண்டிராத ஒரு நாட்டுக்குத் ‘திரும்பி’ச் செல்வது என்பது அவர்களுக்கு முன் வைக்கப்பட்ட தெரிவு. சிறுமியின் தாய்மாமன் போக முடிவு செய்தார். தாய் இங்கேயே இருக்க முடிவு செய்தார். ஒரே குடிசையில் இரண்டு நாள் அழுகையும் வசையும் இருந்தன. மூன்றாம் நாள் தாய், வெயிலில் கருக உலர்ந்திருந்த கீரையை எடுத்துத் துணியில் பாதியாகப் பிரித்தார். ஒரு பாதி தம்பிக்கு. அது சென்னை வழியாகக் கடலைக் கடந்தது. அவரைப் பிறகு எவரும் பார்க்கவில்லை. இரண்டு கடிதங்கள் வந்தன, மூன்றாவது வரவில்லை.

அன்றிலிருந்து அக்குடும்பத்தில் மொய்-சோய் இரண்டாகவே பிரிக்கப்பட்டது. தகரப் பெட்டிக்குள் போகும் பொதி போகிறவருக்கு உரியது. டாங்ராவிலிருந்து டொரன்டோவுக்கும் வியன்னாவுக்கும் உறவினர் ஒவ்வொருவராகக் கிளம்பியபோது மூதாட்டி அதை எடுத்துக் கொடுத்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய மகளும் ஒரு பொதியோடுதான் போனார். “வழியில் பசித்தால்” என்று மட்டும் சொல்லப்பட்டது. எவர் பொருட்டு அப்பழக்கம் என்பது சொல்லப்படவில்லை. விடுதலைக்குப் பின்னும் நெடுங்காலம் ஊர்விட்டு ஊர் செல்லக் காவல் நிலையத்தின் அனுமதி தேவைப்பட்ட வாழ்வில், பேசாதிருப்பது ஒரு பாதுகாப்பு. பிள்ளைகளுக்குத் தெரியாதது பிள்ளைகளின் வாயிலிருந்து வெளிவராது.

மகள் ஸ்கார்பரோவில் ஓர் உணவகம் நடத்துகிறார். அதன் பெயரிலும் ‘ஹக்கா’ உண்டு. டொரன்டோ வட்டாரத்தில் ஹக்கா உணவு என்றால் சில்லி சிக்கன், மஞ்சூரியன், பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் சோயா சாஸும் சேர்ந்த இந்தியச் சீனச் சமையல் என்றே பொருள். வாடிக்கையாளர் பஞ்சாபியர், குஜராத்தியர், ஈழத் தமிழர். மெய்சியானிலிருந்து நேரே கனடா வந்த ஹக்கா ஒருவர் அந்த உணவுப் பட்டியலைப் பார்த்தால் தம்முடையது என்று ஒன்றையும் கண்டுகொள்ள மாட்டார். மொய்-சோயோடு பன்றி வயிற்றிறைச்சியை அடுக்கி, நெடுநேரம் ஆவியில் வேகவைத்துத் தட்டில் கவிழ்த்துப் பரிமாறும் கியூ-ஞுக் அதில் இல்லை. அது வீட்டுக்கானது. விற்கும் உணவு ஒன்று, உண்ணும் உணவு வேறொன்று. தமிழ் போன்ற மொழிகளைக் குறித்து மொழியியலாளர் பேசும் இரட்டை வழக்கு அடுக்களையிலும் உண்டு போலும். அவையில் பேசுவது வேறு. அம்மாவிடம் பேசுவது வேறு.

ஆயினும் எது உண்மையான உணவு என்ற கேள்விக்கு இங்கே எளிய விடை இல்லை. உப்பிட்ட நாளின் மாலையில் பாட்டி பேத்தியிடம், இத்தனை நாள் டொரன்டோவை விட்டு வந்ததில் எந்த உணவுக்கு ஏங்குகிறாய் என்று கேட்டார். அவள் தயங்கி, “அம்மாவின் சில்லி சிக்கன்” என்றாள். அவளுடைய குழந்தைப்பருவம் முழுவதும் அந்த உணவகத்தின் பின்மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக் கழிந்தது. அவளுக்கு ஊர் என்பது அந்த மணந்தான். பாட்டி சிரித்துக்கொண்டே கீழ்த்தள உணவகத்திலிருந்து ஒரு தட்டு வரவழைத்தார். இருவரும் அதை மாடியில் கீரைக்கு அடியில் அமர்ந்து உண்டனர். பிழைக்கச் செய்த உணவும் ஒரு தலைமுறை கழிந்தால் நினைவாகிவிடுகிறது.

கீரை புளித்து உலரும் முன்னே பேத்தி கிளம்ப வேண்டியிருந்தது. பாட்டி தகரப் பெட்டியைத் திறந்து சென்ற ஆண்டின் பொதியை எடுத்தார். அது பழைய சீன நாளிதழ் ஒன்றில் சுற்றப்பட்டிருந்தது. 1969இல் டாங்ராவில் தொடங்கி, சில பக்கங்களோடு நாள்தோறும் வெளிவந்த அந்த நாளிதழ் 2020இன் பொதுமுடக்கத்தோடு நின்றுபோனது. சேர்த்துவைத்த பழைய தாள்களைச் சிக்கனமாகப் பொதி கட்ட மட்டும் பயன்படுத்துகிறார் மூதாட்டி. இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு வரும் என்று பேத்தி கேட்டாள். அவர் தாள்களைப் புரட்டி எண்ணிப் பார்த்து, “எனக்குப் போதும்” என்றார். ஒரு காலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் என்று சொல்லப்பட்ட கொல்கத்தாச் சீனர் இன்று மிகச் சிலரே.

கனடாவில் வாழும் தேவ்லியின் முன்னாள் கைதிகள் இந்திய அரசிடம் ஒரு வருத்தச் சொல்லைக் கேட்டு வருகின்றனர். மூதாட்டியிடம் அதைச் சொன்னபோது, அவர் மறுப்பாகவோ ஆதரவாகவோ எதுவும் சொல்லவில்லை. “யார் கேட்கிறார்கள்?” என்று மட்டும் விசாரித்தார். பெயர்களைச் சொன்னதும் ஒரு பெயரில் நின்றார். அடுத்த குடிசையில் இருந்த சிறுமி. உயிரோடு இருக்கிறாள் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

டொரன்டோ திரும்பிய பேத்தி, பிராம்ப்டனில் ஒரு பஞ்சாபிக் கடையில் கடுகுக் கீரை வாங்கினாள். வெளியே பனி, ஆகவே வீட்டின் வெப்பக் காற்று வரும் சாளரத்தின் அருகே கொடி கட்டினாள். இப்போது ஞாயிறுதோறும் பாட்டியை அழைக்கிறாள். முதலில் ‘ஸிட் பாவ் மாங்?’ என்ற கேள்வி. இரு பக்கமும் அதற்கு ஆம் என்ற விடை. பிறகு சாடியைக் காட்டி ஓர் ஐயம் கேட்கிறாள். நிறம் சரியா, நீர் விட்டிருப்பது அதிகமா என்று. மணத்தை மட்டும் அலைபேசி கொண்டுசெல்வதில்லை. அதைச் சொற்களால்தான் சொல்லியாக வேண்டும். அதற்காக அவள் ஹக்காச் சொற்களைக் கற்கிறாள்: புளிப்பு, கார்ப்பு, கெட்ட நாற்றம், மழை மண். கீரை ஐயம் தீர்ந்ததும் தேவ்லியைப் பற்றி ஒரு கேள்வி. ஒன்றே ஒன்று, அதற்கு மேல் கேட்பதில்லை. சில ஞாயிறுகளில் பாட்டி விடை சொல்கிறார். சில ஞாயிறுகளில், சாடியை இன்னும் இறுக்கி மூடு என்கிறார்.